நேராகத் தெரியும் முழங்கால்

முழங்கால் மூட்டு விலகிய கோலத்திலேயே நோயாளி வந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள். சிக்கல் மற்றவர்களிடம்தான். பலருக்குக் காலை நீட்டிப் படுக்கவைத்ததுமே மூட்டு தானாக இடத்தில் அமர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் முறிவு இருக்காது. சீட்டில் 'சுளுக்கு' என்று எழுதிவிடுவார்கள். மூட்டு உறையே கிழிந்திருப்பதால் ரத்தம் உள்ளே தேங்காமல் கெண்டைக்காலுக்குள் வடிந்துவிடும். வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது. குதிகாலைப் பிடித்துக் காலைத் தூக்குங்கள். முழங்கால் பின்பக்கமாகத் தொய்ந்தாலோ, முழுக்க நீட்டிய நிலையிலும் பக்கவாட்டில் ஆடினாலோ, விலகி அமர்ந்த மூட்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்டுக்கு அவசரமில்லை, எம்ஆர்ஐ நாளைக்கும் எடுக்கலாம். அவசரமெல்லாம் முழங்காலின் பின்பக்கக் குழியில் ஓடும் தமனிக்குத்தான். மூட்டுக்கு மேலும் கீழும் அது இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. நடுவே எலும்பு பெயர்ந்தால் விலகிக்கொடுக்க வழியில்லை. தமனியின் உட்சுவர் மட்டும் கிழிந்திருந்தால் பாதத்தில் நாடி நன்றாகவே கிடைக்கும். சில மணி நேரம் கழித்து அதே கிழிசலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே 'நாடி உண்டு' என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதாது. கணுக்காலுக்கு மேல் பிபி கஃப் கட்டி, காற்றை இறக்கும்போது ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் சத்தம் திரும்பும் அளவைக் குறித்து, கையில் எடுத்த அளவால் வகுக்க வேண்டும். கணுக்காலில் 96, கையில் 120 என்றால் 0.8. 0.9-க்குக் கீழே போனால் ரத்தக்குழாயைக் காட்டும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோ. அதற்கு மேல் இருந்தாலும் 24 முதல் 48 மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மூட்டை அமர்த்திய பிறகும் பாதம் வெளுத்துச் சில்லிட்டிருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேரே ஆபரேஷன் தியேட்டர். 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓடியாக வேண்டும். 8 மணி நேரம் தாண்டினால் கால் பிழைப்பது அரிது. கணக்கு அடிபட்ட நேரத்திலிருந்து, வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

அமர்த்துவது பெரும்பாலும் எளிது. மயக்கம் கொடுத்து, ஒருவர் தொடையைப் பிடிக்க, மற்றவர் கீழ்க்காலை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கீழ்க்கால் எலும்பு முன்னால் விலகியிருந்தால் தொடையெலும்பின் கீழ்முனையையும், பின்னால் விலகியிருந்தால் கீழ்க்காலெலும்பின் மேல்முனையையும் முன்னுக்குத் தூக்கினால் போதும். குழியில் விரலால் அழுத்தக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முழங்காலின் உட்புறத் தோல் குழிந்து உள்ளே இழுபட்டிருந்தால், தொடையெலும்பின் குமிழ் உறையின் கிழிசலில் பொத்தானைப் போல மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும். மேலே தோல் செத்துப்போகும். திறந்துதான் விடுவிக்க வேண்டும்.

மூட்டை அமர்த்திய பிறகு 20 பாகை மடக்கி, பின்பக்கம் மட்டும் தாங்கும் அரைக்கட்டான ஸ்லாப். சுற்றிலும் மாவுக்கட்டு போடவே கூடாது; உள்ளே வீங்க இடமிராது, பாதத்தையும் பார்க்க முடியாது. கட்டிய பின் இன்னொரு எக்ஸ்ரே: மூட்டு ஸ்லாபுக்குள்ளேயே மறுபடி நழுவுவதுண்டு.

கால் பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா, அதற்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொடுவுணர்வு இருக்கிறதா என்பதை இழுப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். பிறகு பார்த்தால், நரம்பு அடிபட்டபோதே போனதா நம் இழுப்பில் போனதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.