பயப்படுகிற நாளில்

ஜூன் 29, 2021, செவ்வாய். செந்தூல், கோலாலம்பூர்

ஜூன் 1-ல் முழு முடக்கம் தொடங்கியபோது இரண்டு வாரம் என்றார்கள். அப்புறம் இன்னும் இரண்டு வாரம். இப்போது தினசரி கொரோனா தொற்று 4,000-க்குக் கீழே இறங்கும்வரை நீடிக்குமாம். பள்ளி திறக்காதவரை பள்ளி வேனுக்கு என்ன வேலை?

மூன்று நாளைக்கு ஒருமுறை கீழே போய் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன், பேட்டரி சாகாமல் இருக்க. இன்று பின்சீட்டுக்கு அடியில் ஒரு பிள்ளையின் தண்ணீர் போத்தல் கிடந்தது. உள்ளே தண்ணீர் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பள்ளி திறந்தால் கேட்பாளே.

அரிசி நான்கு நாளைக்கு வரும்.

ஜூலை 4, ஞாயிறு

ஸூமில் ஆராதனை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கப்பல் பயணத்தைப் பற்றி பாஸ்டர் பேசினார். 1736, ஜனவரி 25. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போகும் வழியில் பெரும் புயல். மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் சங்கீதம் பாடத் தொடங்கிய நேரத்தில் கடல் கப்பலுக்குள் புரண்டு வந்து, பெரிய பாய் கிழிந்துபோனது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். ஜெர்மானியர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை. அப்புறம் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்குப் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது.

பாஸ்டர் உருக்கமாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு மனது ஒட்டவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்து உட்காருகிறவன் நான். அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா?

மத்தியானம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வெஸ்லியும் அந்தப் பயணத்தில் சாகப் பயந்தவர்தான். உனக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று தன்னையே கேட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் விசுவாசம் வந்து அவர் உள்ளம் அனலானது 1738 மே 24-ல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல். அதுவரை பயத்தோடுதானே ஊழியம் செய்திருக்கிறார்!

பாட்டியின் ஞாபகம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. தாத்தா திரும்பவில்லை. பாட்டி மூன்று பிள்ளைகளோடு லயத்து வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தார். ராத்திரியில் விளக்கைக் கூடையால் மூடிவிட்டு, பக்கத்து வீட்டுப் பலகைச் சுவரைத் தட்டுவாராம். அந்தப் பக்கமிருந்து திருப்பித் தட்டினால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஜெபம் தொடங்கும். "பயமா இருக்காதா பாட்டி?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பயந்துக்கிட்டேதான்டா தட்டுவேன்" என்பார்.

பாட்டியின் வேதாகமத்தில் 56-ஆம் சங்கீதத்துக்குக் கீழே பென்சில் கோடு இருக்கிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." தாவீது, பெலிஸ்தர் கையில் காத் ஊரில் பிடிபட்டபோது பாடியது. பயப்படாத நாளில் என்று அவர் பாடவில்லை.

ஜூலை 6, செவ்வாய்

சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக்கொடி கட்டுங்கள், அக்கம்பக்கம் உதவும் என்று ஒரு வாரமாக முகநூலில் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் புளோக்கில் ஏழாவது மாடியில் ஒன்று பார்த்தேன்.

எனக்குக் கை வரவில்லை. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன் நான். என் மனைவிதான், "என்னங்க, கேட்கிறது பாவமில்லை" என்றாள். வெள்ளைத் தலையணை உறையை எடுத்து இஸ்திரி போட்டாள். கசங்கின துணியைக் கட்டக்கூடாதாம். அவள் இஸ்திரி போட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு நானே வாசல் கம்பியில் கட்டினேன்.

இருட்டுவதற்குள் மேல்மாடி மக்சிக், மலாய்க்கார அம்மா, 30 முட்டை கொண்டுவந்தார். எதுவும் கேட்கவில்லை. ராத்திரி மாதர் சங்கத்திலிருந்து பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மீலோ. கொண்டுவந்த அக்கா வாசலில் நின்றே ஜெபித்துவிட்டுப் போனார். வாய்விட்டு ஆமென் சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை.

ஜூலை 13, செவ்வாய்

இன்று 11,079 பேருக்குத் தொற்று. முதல்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு மாமாவுக்கும் வந்துவிட்டது. தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில், பாலம் மூடியிருக்கிறது. ராத்திரியெல்லாம் இருமல் சுவர் வழியாகக் கேட்கிறது. என் மனைவிக்கு இனிப்புநீர், எங்களுக்கு ஒரு ஊசிதான் போட்டிருக்கிறது. போகாதே என்றுதான் என் மனது சொன்னது.

சபை கொடுத்த அரிசியில் கஞ்சி வைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். மாமா வீட்டுக் கிரில்லில் மாட்டும்போது மூடி கடகடவென்று ஆடியது, என் கை அப்படி நடுங்கியது. "நான் பயப்படுகிற நாளில்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வீட்டுக்குள் வந்து சுவரை மூன்று தரம் தட்டினேன். கொஞ்சம் கழித்து அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு.

ஜூலை 16, வெள்ளி

காலையில் தட்டினேன், பதில் இல்லை. இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு கிரில் அருகே போய்க் கூப்பிட்டேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை வெளியே நின்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். மாமா முருக பக்தர், வருடம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுத்தவர். "உங்க சாமிகிட்டயும் சொல்லு தம்பி" என்றார். சத்தமாக ஜெபித்தேன். வார்த்தை பாதியில் நின்று நின்றுதான் வந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 20, செவ்வாய்

செய்தி ஏதும் இல்லை. எங்கள் இருவருக்கும் சோதனையில் தொற்று இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 25, ஞாயிறு

நாட்டில் மொத்தத் தொற்று இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆராதனையில் பெயர் பெயராகச் சொல்லி ஜெபித்தோம். பட்டியல் முடியவே இருபது நிமிடம் ஆனது. மாமாவின் பெயரையும் சேர்த்திருந்தேன்.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. தாதியின் போனாம். மூச்சு வாங்க வாங்க, மெல்லிய குரல்.

"தம்பி, துளசிக்குத் தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன் மாமா. தினமும்."