எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்தது? கடலோரச் சிறுநகரத்துக்குப் பேரிடர் திட்டம் போட்ட அனுபவம்

ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கினால் ஒன்றரை வருடம் இழுக்கும். எழுதுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. எழுத வேண்டிய எண்களைப் பிடிப்பதற்குத்தான் ஆகும். குழு அமைப்பது, தீர்மானம் போடுவது, வார்டு வாரியாக ஆள் கணக்கு எடுப்பது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்துவிடும். மாதிரித் திட்டமும் எங்கிருந்தாவது கைக்கு வந்துவிடும். எங்களுக்கு வந்ததில் பனிச்சரிவுக்கென்று மூன்று பக்கம் இருந்தது, கடலோர ஊருக்கு! அதைக் கிழித்துப் போட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்.

உயர அளவில்தான் முதல் அடி விழும். நில அளவை வரைபடத்தில் உயரங்கள் சராசரி கடல்மட்டத்திலிருந்து போடப்பட்டிருக்கும். துறைமுகத்தின் கடல் வரைபடத்துக்கும் ஓத அட்டவணைக்கும் (கடல் அன்றாடம் ஏறி இறங்கும் அட்டவணை) பூஜ்யம் வேறு. பெரும்பாலும் அந்த இடத்தில் கடல் வற்றக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். கப்பல் ஓட்டுகிறவருக்குக் குறைந்தபட்ச ஆழம் தெரிய வேண்டும், அதனால் பூஜ்யத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கம் தப்பில்லை. ஜிபிஎஸ் கருவிக்கு மூன்றாவதாக ஒரு பூஜ்யம் உண்டு: பூமியை வழவழப்பான நீள்கோளமாக வைத்துப் போட்ட கணித மட்டம். இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்தக் கணித மட்டத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் திருத்தம் போடாத கருவியோடு கரையில் நின்றால், நீங்கள் நூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாகச் சொல்லும். அவ்வளவு பெரிய தப்பு எப்படியும் கண்ணில் பட்டுவிடும். குடியைக் கெடுப்பது அரை மீட்டர் தப்புதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓத அட்டவணைப்படி அன்றைய உயர் ஓதம் 1.10 மீட்டர். அட்டவணையின் பூஜ்யம் சராசரி கடல்மட்டத்துக்கு 0.65 மீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உயர் ஓதம் சராசரி மட்டத்திலிருந்து 0.45 மீட்டர். புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் 1.50 மீட்டர். ஆக 1.95. அலைகள் தொடர்ந்து உடைவதால் கரையோரம் நீர் திரண்டு நிற்கும், அதற்கு 0.40. மொத்தம் 2.35 மீட்டர். முகாமாகக் குறித்த பள்ளிக்கூடத்தின் தரைமட்டம் கோப்பில் 2.70 என்று இருக்கிறது. 35 சென்டிமீட்டர் மிச்சம், பிழைத்தோம் என்று தோன்றும். அந்த 2.70 துறைமுக வரைபடத்தின் பூஜ்யத்திலிருந்து எடுத்தது என்றால் உண்மையான தரைமட்டம் 2.05. குழந்தைகளைப் படுக்க வைத்த அறையில் 30 சென்டிமீட்டர் தண்ணீர்.

இது சிறுநகரத்துக்கு மட்டும் வருகிற குழப்பம் இல்லை. 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் பேட்டரி என்ற இடத்தில் உள்ள கடல்மட்ட அளவு நிலையத்தில் நீர்மட்டம் 14 அடி ஏறியது என்பார்கள். அது சராசரித் தாழ்நீர் மட்டத்திலிருந்து எண்ணியது. அந்த நாட்டு நில வரைபடங்களின் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 11 அடி சொச்சம்தான். இரண்டு எண்ணும் சரி, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் மூன்று அடி போயே போச்சு.

இரண்டு பூஜ்யத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை வாங்குவதற்குள்தான் செருப்பு தேய்ந்தது. கவுன்டரில் கேட்டால் "மேப்பிலேயே இருக்கு சார், பாருங்க" என்பார்கள். மேப்பில் இருக்காது. "கடல்மட்ட விவரம் தேவை" என்று பொதுவாகக் கடிதம் எழுதினால் பொதுவாகவே ஒரு பதில் வரும், ஓத அட்டவணையின் நகலோடு. கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: ஓத அளவுகோலின் பூஜ்யம் சராசரி கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் கீழே உள்ளது, அது எந்த பெஞ்ச் மார்க்கோடு (உயரம் அளந்து குறித்து வைத்த நிலையான அடையாளம்) எந்த ஆண்டில் இணைக்கப்பட்டது. இந்த இரண்டே கேள்வி போதும். மூன்றாவது கேள்வி எழுதினால் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முதல் இரண்டை விட்டுவிடுவார்கள்.

பதில் கிடைத்தபின் அந்த பெஞ்ச் மார்க் கல்லைத் தேடிப் போக வேண்டும். குறிப்பில் "சிறுபாலத்தின் வடக்குக் கைப்பிடிச் சுவர்" என்று இருக்கும். சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சிறுபாலமே போயிருக்கும். இன்னொன்று தார் அடுக்குகளுக்கு அடியில் கிடக்கும். ஒரே ஒரு கல் கிடைத்ததும் சந்தோஷப்பட்டு வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள். குறைந்தது இரண்டு கல்லைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே லெவல் கருவியும் ஸ்டாஃபும் (அளவுக் கோல்) வைத்து ஒரு முறை அளந்துகொண்டே போய், தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து கணக்கை மூடுங்கள். குறிப்பில் உள்ள வித்தியாசமும் நீங்கள் அளந்ததும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சரி. பத்து சென்டிமீட்டர் உதைத்தால் யாரோ ஒரு கல்லைப் பெயர்த்து நட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, இணையத்தில் இலவச உயர வரைபடம் இருக்கிறதே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த தொகுப்புதான் அதில் அதிகம் புழங்குவது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மரத்தின் உச்சியையும் வீட்டின் கூரையையும் அது தரையோடு சேர்த்து எண்ணிவிடும். நெருக்கமாக வீடுகள் உள்ள தெரு மேடாகத் தெரியும், அதனால் வெள்ள வரைபடத்தில் பாதுகாப்பான பச்சை நிறம் பெறும். மலையடிவாரத்துக்கு உதவும் வரைபடம்தான் அது. முழு ஊரும் கடலிலிருந்து மூன்று மீட்டருக்குள் அடங்கும்போது, பிழையே சில மீட்டர் வருகிற வரைபடத்தை வைத்து என்ன செய்வது?

அந்த வரைபடத்தைவிட, பழைய வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறை நம்பகமானது. வெளிச்சுவரில் உள்ள கறையை எடுக்காதீர்கள், அலை தெறித்த உயரமும் அதில் சேர்ந்திருக்கும். உள்ளறைக்குப் போங்கள். பீரோவை நகர்த்தினால் பின்னால், வெள்ளையடிக்காமல் விட்ட இடத்தில், சுவர் நெடுக நேர்கோடாக ஒரு பழுப்பு வரி ஓடும், விரலால் தேய்த்தால் மெல்லிய சேறு ஒட்டும். தண்ணீர் அசையாமல் நின்ற மட்டம் அதுதான். வரியின் மேல் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, எந்தப் புயலில் வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதி, தெருவுக்கு இரண்டு வீடு வீதம் அளந்தால் ஒரு வாரத்தில் ஊரின் வெள்ள வரைபடம் பாதி வந்துவிடும். அக்கம்பக்கத்து வீடுகளின் வரிகள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு வேறு வெள்ளங்களைக் கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வடிகால் வரைபடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அலுவலகத்தில் கிடைப்பது கட்டுவதற்கு முன் போட்ட வரைபடம். கட்டி முடித்தபின் உள்ளபடி எடுத்த வரைபடம் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. ஆகவே வடிகால் கடலில் சேரும் வாய்கள் ஒவ்வொன்றையும் தாழ் ஓத நேரத்தில் நடந்து பாருங்கள். காலை பத்து மணிக்குக் கிளம்பி உயர் ஓதத்தில் போய் நின்றால் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். குழாயின் அடிமட்டம், ஒருவழிக் கதவு இருக்கிறதா, கையால் தூக்கினால் அசைகிறதா, இந்த மூன்றையும் குறியுங்கள். ஒரு தேங்காய் மட்டை இடுக்கில் சிக்கினால் போதும், கதவு மூடாமல் நிற்கும், புயல் நேரத்தில் கடல் வடிகால் வழியாகவே ஊருக்குள் வந்துவிடும். கதவு சரியாக மூடினாலும் உள்ளே பெய்த மழைக்கு வெளியே வழியில்லை. ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 1000 கன மீட்டர் தண்ணீர். வினாடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்பு அதை வெளியேற்ற ஐந்தரை மணி நேரம் ஆகும். எத்தனை ஹெக்டேர், எத்தனை பம்பு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். போன வருடம்தானே வந்தது, இனி அடுத்த நூற்றாண்டில்தான் என்று கூட்டத்திலேயே கேட்கிறார்கள். வருடத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு, 30 வருடத்தில் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு என்று எழுதினால் வாக்குவாதம் நின்றுவிடும்.

முகாம்களின் கொள்ளளவு எப்போதும் ஊதிய எண்தான். 20க்கு 10 மீட்டர் கூடத்துக்கு 400 பேர் என்று இருக்கும். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்பது ஸ்பியர் அளவுகோல் (நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகள்). அதன்படி 57 பேர்தான். ஒரே இரவு நெருக்கியடித்து உட்கார வைக்கலாம், ஆனால் ஆரம்ப நாட்களுக்கே 50 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். 400 பேர் என்றால் 8 கழிப்பறை, 6000 லிட்டர். பள்ளியில் இருப்பது பெரும்பாலும் அதில் பாதி, அதிலும் சில பூட்டியிருக்கும்.

பூட்டு என்றதும்தான் ஞாபகம். முகாம் பட்டியலில் கட்டடத்தின் பெயர், வார்டு எண், பொறுப்பு அதிகாரி எல்லாம் இருக்கும். சாவி யாரிடம் என்பது மட்டும் இருக்காது. கோடை விடுமுறையிலும் ஞாயிறு நள்ளிரவிலும் சாவி எங்கே இருக்கும் என்று தனிப் பத்தி போடுங்கள். இரண்டு சாவி, நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ள இரண்டு பேரிடம், ஊருக்கு நடுவே ஆறு இருந்தால் அவர்களில் ஒருவராவது முகாம் இருக்கும் கரையில். எங்கள் முதல் ஒத்திகையில் 40 நிமிடம் கதவுக்கு வெளியேதான் நின்றோம்.

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது. டீசல் தொட்டி எங்கே, அதிலிருந்து மேலே ஏற்றும் பம்பு எங்கே, மின்சாரத்தை மாற்றிவிடும் ஸ்விட்ச் எங்கே என்றும் கேளுங்கள். சாண்டியின்போது நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் மேல்மாடியில்தான் இருந்தன, எரிபொருள் பம்பு அடித்தளத்தில் முங்கியது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் இயந்திரத்துக்கு மூன்று நாளுக்கு 360 லிட்டர். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது உண்மையான சுமையோடு ஓட்டுங்கள். கிளம்பாத ஜெனரேட்டருக்குப் பெரும்பாலும் காரணம் செத்த பேட்டரி.

புயல் திட்டத்தையும் சுனாமித் திட்டத்தையும் ஒரே அத்தியாயத்தில் அடைக்காதீர்கள். புயலுக்கு நாள்கணக்கில் நேரம் உண்டு, சுனாமிக்கு நிமிடக்கணக்குதான். புயலுக்குப் பொருத்தமான கடலோர முகாம் சுனாமியில் பொறி. 2011இல் ஜப்பானின் மினாமிசன்ரிக்கு நகரில் மூன்று மாடிப் பேரிடர் தடுப்புக் கட்டடத்தின் கூரைக்கு மேலேயே அலை ஏறியது. அங்கே 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாகாணத்துக்கு முதலில் வந்த எச்சரிக்கை 6 மீட்டர் என்றுதான் சொல்லியிருந்தது. ஆகவே சுனாமிக்கு உயரக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு நேரக் கணக்கைப் போடுங்கள். வயதானவர்களோடு நடந்தால் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. 15 நிமிடத்துக்கு 900 மீட்டர், அதற்குள் மேடு வர வேண்டும். வழியில் முகத்துவாரப் பாலம் இருந்தால் அந்த வழியை அடித்துவிடுங்கள், முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான். நில அதிர்வை உணர்ந்தாலே மேட்டுக்குப் போ என்பதுதான் முதல் வரி. சைரனுக்குக் காத்திருக்கச் சொல்லக்கூடாது. 2004இல் நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த சிமலு தீவில் ஏறத்தாழ எல்லோரும் பிழைத்தது, தலைமுறையாகச் சொல்லிவந்த இந்த ஒரு வரியால்.

புயலுக்கு எழுதும் துண்டறிக்கையில், புயலின் நடுவில் உள்ள கண் பகுதி கடக்கும்போது காற்று நின்றுவிடும், வெளியே வராதீர்கள், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். தொலைபேசிப் பட்டியலில் ஆளின் பெயரைப் போடாமல் பதவியைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்று எண். செல்போன் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு விஎச்எஃப் வாக்கிடாக்கிதான். அந்தக் கருவிகளும் சார்ஜில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஒத்திகையை இரவில் வைத்தோம். கதவு 6 நிமிடத்தில் திறந்தது. சைரன் சத்தம் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு தெருவுக்குக் கேட்கவே இல்லை, அதற்கு மெகாபோனோடு இரண்டு பேரை ஏற்பாடு செய்ததுதான் கடைசித் திருத்தம். பிறகு முகாம்களின் சுவரில் வெள்ள மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டு உயரத்தை எழுதச் சொன்னோம். "2.35 மீ." என்று எழுதிவிட்டு, இரண்டாவது வரிக்கு இடமில்லை சார் என்றார் பெயின்டர். எழுத்தைச் சின்னதாக்கி, "சராசரி கடல்மட்டத்திலிருந்து" என்பதையும் எழுதிய பிறகுதான் அவரை ஏணியிலிருந்து இறங்கவிட்டோம்.