குளிர்காலத்தில் கள்ளிகளுக்குத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன்

கள்ளி வளர்க்க ஆரம்பித்து இது நான்காவது வருடம். உருண்டைக் கள்ளிகள் 30 தொட்டி, பூக்கிழங்குகள் 9 தொட்டி. இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் வாரம் தவறாமல் தண்ணீர் விட்டுவந்தேன். செடி பச்சைப்பசேலென்று இருக்கும், கள்ளிகளில் பூ மட்டும் வராது. இந்தத் தடவை குளிர் தொடங்கியதும் கள்ளிகளுக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதத்தில் மாமில்லேரியா வகைக் கள்ளிகள் சுருங்கிப்போயின. பார்க்க மனசு கேட்கவில்லை, இருந்தாலும் கை வைக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் தொட்டியின் அடியில் வடியும்வரை ஊற்றினேன். பத்து நாளில் பழையபடி உப்பிக்கொண்டன. அடுத்த மாதம் ஐந்தில் மூன்று மொட்டு விட்டன. மாமில்லேரியாவில் பூ முள்திட்டிலிருந்து, அதாவது முள் கொத்தாக முளைக்கும் இடத்திலிருந்து, வராது. முள் முளைக்கும் குமிழ்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கிலிருந்துதான் வரும். அதுவும் பெரும்பாலும் போன வருடம் வளர்ந்த பாகத்தில். அதனால்தான் நட்டநடு உச்சியை விட்டுவிட்டு, சற்றுக் கீழே மாலை சுற்றியதுபோல் பூக்கிறது.

எக்கினாப்சிஸ் என்ற வகைக் கள்ளி ஒன்று மட்டும் சாரல் படும் ஓரத்தில் இருந்திருக்கிறது. குளிரில் வேர் தண்ணீர் இழுக்காது, மண் ஈரமாகவே கிடக்கும். அடியைத் தொட்டால் பஞ்சுபோல் அமுங்கியது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடியிலிருந்து வில்லை வில்லையாக நறுக்கினேன். முதல் வில்லை முழுக்கப் பழுப்புக் கூழ். இரண்டாவதில் சதை நன்றாக இருந்தது, ஆனால் நடுவில் உள்ள நரம்பு வளையத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். இங்கே நிறுத்திவிடக் கூடாது, ஒரு புள்ளி மிஞ்சினாலும் அழுகல் மேலே ஏறிவிடும். ஐந்தாவது வெட்டில்தான் வளையம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தேன். நிழலில் 12 நாள் காயவைத்து, வெட்டுவாய் தோல்போல் இறுகியபிறகு காய்ந்த மணல் கலவைமேல் உட்காரவைத்தேன். இப்போது அந்த வளையத்திலிருந்தே இரண்டு வெள்ளை வேர் எட்டிப்பார்க்கிறது! அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கிழங்குகளில் ரெயின் லில்லிக்குச் சிரமமே இல்லை. நன்றாகக் காயவிட்டு, ஒருநாள் மழை பெய்தது மாதிரி ஊற்றினால் சில நாளில் பூத்துவிடும்.

அமரில்லிஸ்தான் காக்கவைத்தது. போன வருடம் பூ முடிந்ததும் இலைகளை வெட்டிவிட்டேன், அது தப்பு. அடுத்த பூவுக்கான தீனியை அந்த இலைகள்தான் கிழங்கில் சேர்க்கின்றன. சுமார் நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் மொட்டு உள்ளேயே உருவாகிறது. இந்த வருடம் இலைகளைத் தொடவே இல்லை, உரமும் கொடுத்தேன். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி மாற்றி நட்டேன். அப்புறம் இரண்டு மாதம் தண்ணீர் விடாமல் காயப்போட்டேன்.

இன்று காலையில் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு முனை. இலை என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தால் தடிப்பாக, கிளிமூக்கு மாதிரி இருக்கிறது. மொட்டேதான்.