சிக்குக் கோலத்தில் எத்தனை இழை: பிள்ளைகளோடு ஆறு வெள்ளிக்கிழமைகள்

எங்கள் தெருக்கோடியில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று இருக்கிறது. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், சேர்த்து 23 பிள்ளைகள். ஓவியத்துக்கென்று தனியாக ஆசிரியர் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையில் வந்து ஏதாவது வரையச் சொல்லிக்கொடுங்கள் என்று தலைமை ஆசிரியை போன வருடம் கேட்டார். அப்போது வாய்ப்பாட்டுக்கு வண்ணம் தீட்டினோம், நீர்ச் சுழற்சியை அட்டையில் வரைந்து பஞ்சு மேகம் ஒட்டினோம். பிள்ளைகளுக்குப் பிடித்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அது பாடத்துக்கு ஜிகினா ஒட்டுகிற வேலை. படத்தை எடுத்துவிட்டாலும் பாடம் அப்படியே இருக்கும். வரைந்தால்தான் கேள்வியே பிறக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்து, 2024இல் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்ததும் குறித்து வைத்தது இது.

ஜூலை 5

இன்று புள்ளி மட்டும். தாழ்வாரத் தரையில் சாக்பீஸால் 7-1 நேர்ப்புள்ளி வைத்தோம்: 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் எத்தனை என்று கேட்டேன். எல்லாரும் வரிசை வரிசையாகக் கூட்டி 25 என்றார்கள். நாலாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் தலையைத் தோள்மேல் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, சாய்ச்சுப் பாத்தா நாலு நாலா நாலு வரிசை, நடுவுல மூணு மூணா மூணு வரிசை" என்றாள். 16ம் 9ம் 25. எனக்குப் புல்லரித்தது. எத்தனையோ மார்கழிகளில் அதே புள்ளியை வைத்திருக்கிறேன், ஒரு நாளும் தலையைச் சாய்க்கத் தோன்றியதில்லை.

பையன்களில் பாதிப் பேர் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "கோலம் பொம்பளப் புள்ளைங்க வேல." வற்புறுத்தவில்லை.

ஜூலை 12

கோலப்பொடியோடு போகாமல் உலக வரைபடத்தோடு போனேன். ஆப்பிரிக்காவில் அங்கோலாவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அதன் கிழக்குப் பகுதியில் சோக்வே மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி விரலை எடுக்காமல் கோடு இழுக்கிறார்கள். மாவில் இல்லை, மணலில். சோனா என்று பெயர். கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்வார்கள், கதை முடியும்போது கோடும் முடியும். வரைகிறவர்கள் ஆண்கள். மொசாம்பிக்கில் வேலை பார்த்த பவுலஸ் கெர்டிஸ் என்ற கணித அறிஞர் இந்தக் கோடுகளுக்குள் இருக்கும் கணக்கைப் பல வருடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

"ஆம்பளைங்களா?" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல். அப்புறம் எல்லாரும் வேப்பமரத்தடி மணலில்தான்.

முதலில் 2க்கு 3, அதாவது இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக ஆறு புள்ளி. சொல்லிக்கொடுத்த விதி இரண்டே இரண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் இழை (கையெடுக்காமல் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு) சாய்வாகக் கடந்து போக வேண்டும், அதே இடத்தில் எதிர்ச் சாய்வில் இன்னொரு கோடு வந்து வெட்டும். ஓரத்துக்கு வந்துவிட்டால் கடைசிப் புள்ளியை அணைத்தாற்போல் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கை அதை லேசில் கேட்பதில்லை. பிள்ளைகள் புள்ளியைப் பார்த்தே கோடு இழுத்தார்கள், கோடு புள்ளியின் மேலேயே ஏறியது. பார்க்க வேண்டியது புள்ளியை இல்லை, இரண்டு புள்ளிக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தை. அந்த இடத்தில் ஒரு சின்னக் கூழாங்கல் வைத்து, "கல்லைத் தாண்டிப் போ" என்று சொன்ன பிறகு சரளமாக வந்தது. புள்ளிக்குப் புள்ளி நாலு விரல் இடைவெளி விடுங்கள். அதற்குக் குறைந்தால் பத்து வயதுக் கைக்கு வளைவு வராது.

கதை சொல்லிக்கொண்டே வரைய வேண்டும் என்று அவர்களே விதி போட்டுக்கொண்டார்கள். ஒரு பையனின் இழை புள்ளிகளுக்கு நடுவே மாடு தேடிப் போய், தொடங்கிய இடத்திலேயே மாட்டைப் பிடித்தது. தமிழ்ப் பாடத்துக்கு அந்தக் கதையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் டீச்சர்.

ஜூலை 19

இன்றுதான் கேள்வி பிறந்தது. நான் கேட்கவில்லை, கோலம் கேட்டது. 2க்கு 3 போட்டவர்களுக்கு ஒரே இழையில் முடிந்துவிட்டது. 3க்கு 3 போட்ட கூட்டத்துக்கு இழை தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டது, ஆனால் பாதி இடம் காலியாகக் கிடந்தது. "தப்பா போட்டுட்டோமா அக்கா?" தப்பில்லை, அதில் மூன்று இழை இருக்கிறது. ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிறச் சாக்பீஸ் என்று வைத்ததும் பளிச்சென்று தெரிந்தது: மூலைக்கு மூலை இரண்டு நீள வளையம், இரண்டையும் வெட்டிக்கொண்டு ஒரு வைரம்.

சரி, எதற்கு எத்தனை இழை என்று எண்ணிக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தோம். 2க்கு 3 ஒன்று. 2க்கு 4 இரண்டு. 3க்கு 6 மூன்று. 4க்கு 6 இரண்டு. "பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சா வந்துடும்" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். நாலுமே அவன் சொன்னபடி இருந்தன. அடுத்து 3க்கு 5. கழித்தால் 2, ஆனால் ஒரே இழைதான் வந்தது. 3க்கு 3இல் கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை, அங்கேயோ மூன்று இழை. அவன் முகம் வாடியது. ஒரு விதியைச் சொல்லி, தானே சோதித்து, தானே கைவிட்ட முதல் ஆள் நீதான் என்று அவனிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

4க்கு 5 நானே போட்டுக் காட்டினேன். இரண்டு இழை. பலகையில் 2 என்று எழுதியாயிற்று.

ஜூலை 26

அந்த 2 எல்லாரையும் குழப்பியது. எந்த விதிக்கும் அடங்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் சமையல் உதவியாளர் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். போன வாரத்துச் சாக்பீஸ் கோலம் தாழ்வாரத்தில் மங்கலாக இன்னும் இருந்தது. கண்ணாலேயே இழையைத் தொடர்ந்து போனார், அரை நிமிடம் இருக்கும். குனிந்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். "இங்க வெட்டாம வளைச்சிட்ட கண்ணு." அங்கே இரண்டு புள்ளிக்கு நடுவில் இழைகள் வெட்டாமல் விலகித் திரும்பியிருந்தன. சரிசெய்ததும் ஒரே இழை. பலகையில் 2ஐ அழித்து 1 எழுதினோம். எண்ணியதையே மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அறிவியல் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இறங்காதது அன்றைக்கு இறங்கியது.

ஆனால் ஆயா அத்தோடு விடவில்லை. "மூணா நிக்கிறத ஒண்ணாக்கட்டுமா?" என்று 3க்கு 3 கோலத்தின் முன் உட்கார்ந்தார். மேல் வரிசையில் மூன்று புள்ளி. நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் இழைகள் வெட்டும் இடத்தை ஈரத் துணியால் துடைத்தார். ஒரு சிட்டிகை பொடி எடுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நெருடிவிட்டபடி, இழை தன் புள்ளியோடேயே திரும்புகிற மாதிரி வளைத்துவிட்டார். வலப்பக்கமும் அதே. எழுந்துகொண்டார். ஒரு பிள்ளை விரல் வைத்துத் தொடர்ந்து போனாள். நீள வளையம் வைரத்துக்குள் போய், வைரம் இன்னொரு வளையத்துக்குள் போய், எல்லாம் ஒன்றாகி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

இரண்டு வேறு இழைகள் வெட்டும் இடத்தில் வெட்டை எடுத்துவிட்டால் அவை கட்டாயம் ஒன்றாகிவிடும். மூன்று இழைக்கு இரண்டு வெட்டு எடுத்தால் போதும். ஆயாவுக்கு இது கையில் இருக்கிறது. "எந்த ரெண்ட எடுக்கிறது ஆயா?" என்று கேட்டதற்கு, "ஒரு பக்கமா எடுத்தா கோலம் கோணிக்கும், ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல எடுக்கணும்" என்றார். காகிதத்தில் வரைந்து மடித்துப் பார்த்தோம். முதல் கோலத்துக்கு நாலு சமச்சீர்க் கோடு, ஆயா மாற்றியதற்கு ஒன்று, நடுவில் மேலிருந்து கீழாக. ஐந்தாம் வகுப்புக்குச் சமச்சீர் நடத்த இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கணக்கா என்று தலைமை ஆசிரியை கேட்டார், ஆர்வமாகத்தான். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இலேயே கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியதைச் சொன்னேன். மொழிக்கு இருப்பது போன்ற இலக்கணம், கணினிக்குப் புரிகிற மாதிரி. அடுத்த வாரம் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 2

இழைக்கு ஒரு நிறம் வேண்டும், சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. மூன்று நிறத்தை நாமே செய்வோம் என்று அரிசி மாவும் மஞ்சள்தூளும் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் கொண்டுபோனேன். கரைத்த மாவு வெள்ளை. அதில் மஞ்சள் சேர்த்தால் மஞ்சள். மஞ்சள் கலந்த கிண்ணத்தில் மிளகளவு சுண்ணாம்பைக் கரைத்தேன் (சுண்ணாம்பைப் பிள்ளைகள் தொட வேண்டாம், தோலும் கண்ணும் எரியும்). குங்குமச் சிவப்பு. "ஆரத்தி!" என்று ஒரே சத்தம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சைச் சாற்றைக் காகிதத்தில் சொட்டினோம், சிவப்பில் மஞ்சள் பொட்டு விழுந்தது. கடையில் வாங்கிய குங்குமத்திலும் சொட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அது மாறவே இல்லை. அப்படியென்றால் அதில் மஞ்சள் இல்லை, வேறு சாயம் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

ஜன்னல் கம்பியில் காயப் போட்ட தாள்களில் மஞ்சள் ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. காட்சிக்கு வைப்பதை நிழலில் வையுங்கள்.

ஆகஸ்ட் 9

பலகையில் பதினான்கு கோலங்களின் கணக்கு சேர்ந்துவிட்டது. நான் ஒன்றுமே சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்த பெண்தான் முதலில் பேசினாள். "4ம் 6ம் ரெண்டாம் வாய்ப்பாட்டுல வருது. 3ம் 6ம் மூணாம் வாய்ப்பாட்டுல வருது." அப்படியானால் 3க்கு 5? "ரெண்டும் சேந்து எதுலயும் வரல, ஒண்ணாம் வாய்ப்பாட்டுலதான் வரும்." கழித்தல் விதி சொன்ன பையன் உடனே மடக்கினான்: "4ம் 8ம் ரெண்டாம் வாய்ப்பாட்டுலயும் வருது, நாலாம் வாய்ப்பாட்டுலயும் வருது. எதை எடுப்ப?" போட்டுப் பார்த்தார்கள். நாலு இழை. "அப்ப பெருச எடுக்கணும்."

இதற்குப் பெயர் மீப்பெரு பொதுக் காரணி, ஆறாம் வகுப்பில் வரும். பெயரை நான் சொல்லவில்லை. அங்கே போகும்போது பழைய சிநேகிதனைப் போல அதைப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 14

சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தின் முன் பெரிய கோலம். 6க்கு 9, மொத்தம் 54 புள்ளி. புள்ளி வைக்கும் முன்பே "மூணு இழை" என்று சுவரில் எழுதிவிட்டார்கள். மூன்று கூட்டம், மூன்று நிறம். வெள்ளைக் கூட்டம் போய்த் திரும்பியது, பிறகு மஞ்சள், கடைசியாகச் சிவப்பு. சிவப்பு முடிந்ததும் ஒரு பையன் முழங்காலில் தவழ்ந்துபோய் வெட்டுகளை எண்ணினான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு வெட்டு, படுக்கையாக 48, நெடுக்காக 45: 93 வர வேண்டும், 93 இருந்தது. காலி இடம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே, பள்ளி வாசலில், இன்னொரு கோலம் ஈரத்தோடு இருந்தது. ஆயா விடியலுக்கு முன்பே வந்து போட்டது. 5க்கு 7, ஒரே இழை, முழுக்க வெள்ளை.

"ஏன் ஆயா 5, 7?" என்று பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள்.

"அது தானா ஒட்டிக்கிட்டே போகும். நான் எதையும் அழிச்சுச் சேக்க வேணாம்."

முதல் நாள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், சட்டைப்பையில் கொடி குத்தியிருந்தது, விரல்விட்டு ஐந்தாம் வாய்ப்பாடும் ஏழாம் வாய்ப்பாடும் மெல்ல முணுமுணுத்தான். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணாம் வாய்ப்பாடுதான் ஆயா, அதான்" என்றான்.