வாங்குவதற்கு ஒரு ஆள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பங்குத்தரகு அலுவலகத்தில் ஒன்பது வருடம் டீலராக இருந்தேன். வாடிக்கையாளர் போனில் சொல்வதை டெர்மினலில் அடித்துப் போடுவதுதான் வேலை. ஊருக்குப் போனால் அப்பா கேட்பார்: “நீ வித்து அவன் வாங்கி, அவன் வித்து இன்னொருத்தன் வாங்கி... இதுல என்னடே வெளையுது?” சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கோட்டை விதைப்பாட்டு வயலில் நெல் போட்டவர் அவர். பல வருடம் மழுப்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023இல் ஒரு வியாழக்கிழமைதான் எனக்கே அது பிடிபட்டது.

அன்று காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வெகுகாலமாகச் சேர்த்துவைத்த வங்கிப் பங்கு, முந்நூறு. மகளுக்கு ஆபரேஷன். “நாளைக்குப் பணம் வந்துருமா தம்பி?” என்று மூன்று தடவை கேட்டார். மறுநாளே கணக்கு முடிக்கும் முறை அந்த ஜனவரியில்தான் எல்லாப் பங்குகளுக்கும் வந்திருந்தது. “வந்துரும் சார்” என்று ஆர்டரைப் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் விற்றுவிட்டது. திரையில் வாங்குவோர் வரிசையில் அஞ்சு பைசா, பத்துப் பைசா வித்தியாசத்தில் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் பலர் சாயங்காலத்துக்குள் லாபம் பார்க்க நிற்கிற டிரேடர்கள். அவர்கள் இல்லையென்றால் சார் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்.

கார் அறுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. களத்தில் ஈர நெல் கிடக்கும், மேலே ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு நிற்கும். வியாபாரி லாரியோடு வந்து, எடை போட்டு, ரொக்கம் தருவார். அவரைத் திட்டிக்கொண்டேதான் அப்பா விற்பார். அவர் வரத் தாமதமான ஒரு வருடம் நெல் களத்திலேயே முளைவிட்டது. விலை இறங்கினாலும் நனைந்தாலும் இனி என் பாடு என்று வாங்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அது உழைப்புதான்.

சரி, அதே நாள் மத்தியானம். அப்போது வியாழன் என்றால் நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டெண்ணுக்கு எக்ஸ்பைரி, அந்த வார ஒப்பந்தங்கள் முடிகிற நாள். பேட்டையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற பையன் காலையில் கால் ஆப்ஷன், அதாவது நிஃப்டி ஏறினால் லாபம் தருகிற ஒப்பந்தம், பத்து லாட் வாங்கியிருந்தான். லாட் என்றால் ஒரு கட்டு, அப்போது அதில் 50. ஒன்றின் விலை 42 ரூபாய், ஆக 21,000. ரெண்டு மணிக்கு 11 ரூபாய். “இன்னும் நேரம் இருக்குல்லா அண்ணாச்சி, ஏறும்” என்றான். மூன்றரைக்குப் பூஜ்யம்.

கையில் உள்ள பங்கு விழுந்தால் நஷ்டத்தைத் தடுக்க ஆப்ஷன் வாங்குவது உண்டு, அது நல்ல காரியம். இவனிடம் காப்பாற்ற ஒரு பங்குகூட இல்லை. சாருக்கு வேண்டிய நேரத்தில் பணமாவது கிடைத்தது. இவன் 21,000 யாருடைய தேவையைத் தீர்த்தது? 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இப்படி ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி பிறகு சொன்னது. அந்தக் கணக்கில் நான் அடித்த ஆர்டர்களும் இருக்கின்றன. சார் தந்த தரகு ஒரு தடவை. இந்தப் பையன்கள் தந்ததோ வாராவாரம். அலுவலக வாடகை, என் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் நடந்தது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அடுத்த வியாழன் ஒன்பதே காலுக்கே அந்தப் பையனிடமிருந்து போன் வந்தது. “எதைக் காப்பாத்த இதை வாங்குத தம்பி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பக்கத்து சீட் டீலரிடம் கொடுக்கச் சொன்னான்.