2024 தமிழ்ப் படங்கள்: வருடக் கடைசி நாட்குறிப்பு

டிசம்பர் 21, 2024, சனி

விடுதலை 2 நேற்று வந்துவிட்டது. இனி இந்த வருடக் கணக்கை எடுத்துவிடலாம். தமிழ்ப் படமாக இருக்க வேண்டும், 2024-இல் தியேட்டருக்கு வந்திருக்க வேண்டும், இரண்டே நிபந்தனைதான். அதனால் மஞ்சும்மல் பாய்ஸ் சேராது. கொடைக்கானலில் நடக்கிற கதை, பாதி வசனம் தமிழ், கிளைமாக்ஸில் குணா பாட்டு வந்தபோது நம்ம ஊர் தியேட்டர் மொத்தமும் சேர்ந்து பாடியது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் அது மலையாளப் படம், அவர்களுடைய கணக்கில் வரட்டும்.

விடுதலை 2 பற்றி இப்போதே எழுதிவிடுகிறேன், நாள் போனால் மனசு இளகிவிடும். விஜய் சேதுபதியின் பெருமாள் வாத்தியாருக்கு முழுப் பின்கதையும் கிடைத்திருக்கிறது, வெற்றிமாறன் எடுத்துக்கொண்ட அரசியல் பெரிது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முதல் பாகத்தில் போலீஸ்காரன் குமரேசனின் கண் வழியாக நாமே கண்டுபிடித்ததை எல்லாம் இதில் ஆள் மாற்றி ஆள் பேசிப் புரியவைக்கிறார்கள். காட்டுக்குள் வாத்தியாரை அழைத்துக்கொண்டு நடக்கும் இடங்களில் மட்டும் முதல் பாகத்தின் பதற்றம் திரும்ப வருகிறது. என் முதல் ஐந்துக்குள் வராது.

டிசம்பர் 23, திங்கள்

பெரிய படங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்தியன் 2, கங்குவா இரண்டுமே எனக்குக் கடைசி வரை உட்கார முடியாத படங்கள். அமரனில் சாய் பல்லவி வரும் காட்சிகளுக்காக இன்னொரு தடவை பார்ப்பேன், சண்டைக் காட்சிகளுக்காகப் பார்க்க மாட்டேன். தங்கலான் வேறு ரகம். கோலார் தங்க வயலின் தொடக்கத்தை, அந்த மண்ணைத் தோண்டியவர்களின் பக்கமிருந்து சொல்ல இத்தனை வருடம் யாரும் வரவில்லை, பா. ரஞ்சித் வந்தார். இரண்டாம் பாதி எனக்குக் குழம்பியது, ஆனாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்காகப் படத்தை விட மனசில்லை.

டிசம்பர் 25, புதன்

ஆகஸ்ட் 23. ஒரே வெள்ளிக்கிழமையில் வாழை, கொட்டுக்காளி, அப்புறம் அமரர் ஊர்தி ஓட்டுநராக விமல் நடித்த போகுமிடம் வெகு தூரமில்லை. இப்படி ஒரு வெள்ளிக்கிழமை தமிழில் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூன்றில் கடைசிப் படத்தை நிறையப் பேர் தவறவிட்டார்கள். விமலும் கருணாஸும் ஒரு வண்டிக்குள் பேசிக்கொண்டு போவதே படத்தைத் தாங்கிவிடுகிறது, தேடிப் பார்க்கலாம்.

வாழையைப் பெரியம்மாவோடு பார்த்தேன். சின்ன வயதில் ஆற்றோரத் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்தவர். படத்தில் பையன்கள் கழுத்தைத் திருப்ப முடியாமல் அவதிப்படும் இடத்தில் என் கையைப் பிடித்து, “இங்கனதான், இந்த நரம்புதான்” என்று தன் பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சும்மாடு வைத்து, சேற்று வரப்பில் கால் வழுக்காமல், தார் உரசிவிடாமல் நடக்கிற அந்த நடையை மாரி செல்வராஜ் அவசரப்படாமல் காட்டுகிறார். தாருக்கு ஒரு ரூபாயை இரண்டு ரூபாயாக்கக் கேட்பதுதான் படத்தின் போராட்டம். அந்த ஒரு ரூபாய்க்குத்தான் வியாபாரி அத்தனை கணக்குப் பார்க்கிறான், கடைசியில் ஆட்களைத் தாரோடு சேர்த்து ஒரே லாரியில் ஏற்றுவதும் அதே கணக்குதான்.

பூங்கொடி டீச்சர் பகுதி நீளம் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பையனுக்குப் பள்ளிக்கூடம் என்பது சனி ஞாயிறு வேலையிலிருந்து தப்பிக்கும் இடம், அந்தச் சந்தோஷம் முழுசாகத் தெரிந்தால்தானே பின்னால் நடப்பது நம்மை உடைக்கும். பசியோடு வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைத் தேடுகிறானே, அந்த இடத்தில் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார், படம் முடிந்து வெளிச்சம் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

கொட்டுக்காளி. இதற்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுத ஆரம்பித்தேன் என்றும் சொல்லலாம்.

கூழாங்கல் எடுத்து 2021-இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம். பிப்ரவரியில் பெர்லின் விழாவில் காட்டினார்கள், தயாரித்தது சிவகார்த்திகேயன். கதை என்று பார்த்தால் ஒரு பயணம்தான். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கூடவே பலிக்கு ஒரு சேவல்.

பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, செருப்பு உரசுவது, சூரியின் கட்டிப்போன தொண்டை, அவ்வளவுதான் காதில் விழும். தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அந்தக் கரகரத்த குரலில், மீனாவைக் கட்டப்போகும் பாண்டி (சூரி) எல்லாரையும் அதட்டுகிறான். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் காதில் விழும் ஒரு சினிமாப் பாட்டுக்கு அவள் லேசாக உதடசைக்கிறாள். அதைப் பார்த்த பாண்டி வெறி பிடித்தவனாக அடிக்க ஆரம்பிக்கிறான், தடுக்க வந்த பெண்களுக்கும் அடி. எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஒரு பெண் பாட்டை முணுமுணுப்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய குற்றமாகிவிடுகிறது என்று இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? வழியை மறித்து நிற்கும் காளையைக் கண்டு அத்தனை ஆம்பளைகளும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான், யாரும் எதுவும் விளக்குவதில்லை.

நான் பார்த்த அன்று பாதியில் சிலர் எழுந்து போனார்கள், முடிவு வந்ததும் “அவ்வளவுதானா” என்று ஒரு குரல். பாண்டி என்ன முடிவெடுப்பான் என்பதை நம்மிடம் விட்டுவிட்டுப் படம் நிற்கிறது, அது பலருக்குப் பிடிக்கவில்லை. சரி, பிடிக்காமல் போகட்டும். எங்கள் ஊரில் அடுத்த வாரமே காட்சிகளைக் குறைத்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. சத்தத்தையே நம்பி எடுத்த படத்தை போனில் பார்த்து “ஒன்றும் நடக்கவில்லை” என்கிறவர்களை என்ன சொல்ல? ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொண்டு பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

மெய்யழகனை வெளியான முதல் வாரத்திலேயே பார்த்தது என் அதிர்ஷ்டம், பிறகு 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். வெட்டாததுதான் எனக்குப் படம். ஒரு ராத்திரி முழுக்கக் கார்த்தி பேசிக்கொண்டே இருப்பதும், அவர் பெயரே நினைவில்லாமல் அரவிந்த் சாமி சமாளித்துக்கொண்டே இருப்பதும் அந்த நீளத்தில்தான் ருசி. நீடாமங்கலத்துக் கல்யாண மேடையில் தங்கை நகைப்பெட்டியைத் திறந்து அங்கேயே போட்டுக்கொள்ளும் இடத்தில் நான் அழுதேன். விட்டுப்போன சைக்கிள் கதையிலும் அழுதேன். பிரேம்குமார் ஒரு வில்லன்கூட இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்.

லப்பர் பந்து பார்க்காதவர்கள் உடனே பாருங்கள். தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். கெத்து என்கிற ஊர் கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கிற சந்தோஷம் ஒரு பக்கம், எந்த டீமிலும் இளைஞன் அன்புவை நிரந்தரமாகச் சேர்க்காததற்குப் பின்னால் இருக்கும் சாதி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மைதானத்தில் வைத்து, கெத்துவின் மனைவி யசோதையின் கோபத்துக்கும் முழு மரியாதை கொடுத்திருக்கிறார்.

மகாராஜா திரைக்கதையாக அசத்தல், நவம்பரில் சீனாவிலும் வெளியிட்டார்கள். ஆனால் ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்கான சாவியாக ஒளித்து வைத்தது எனக்கு உறுத்துகிறது. அதனால் பின்னுக்குத் தள்ளினேன். ஜமாவைச் சேர்த்தே ஆக வேண்டும். தெருக்கூத்தில் பெண் வேஷமே கட்டிவந்த கல்யாணத்துக்கு அர்ஜுனன் வேஷத்தின் மேல் ஆசை. எழுதி, இயக்கி, அந்த வேஷத்தையும் பாரி இளவழகனே கட்டியிருக்கிறார். இசை இளையராஜா.

டிசம்பர் 31, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். கொட்டுக்காளி, வாழை, மெய்யழகன், லப்பர் பந்து, ஜமா, இதே வரிசையில். முதல் இரண்டுக்கும் நடுவேதான் இந்த வாரம் முழுக்க இழுபறி. வாழை என்னை அதிகம் அழவைத்தது. ஆனால் கொட்டுக்காளி பார்த்ததிலிருந்து எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்கிற பேச்சு எடுத்தாலே அந்த ஆட்டோவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மீனா நினைவுக்கு வருகிறாள், போன வாரம் அப்படி ஒரு பேச்சில் முதன்முறையாக “அவகிட்ட கேட்டீங்களா சித்தப்பா?” என்று நான் வாய் திறந்து கேட்டேன். முதல் இடம் அதற்குத்தான்.