கறுப்புத் துணியும் இருபது கிராம் கரைசலும்

திருப்பூரில் டிடிஜி மெஷின் (துணியின் மேல் நேரடியாகப் படம் அச்சிடும் இயந்திரம்) வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த மை, எந்த பிரிண்ட் ஹெட் என்று ஒரு மணி நேரம் சொல்வார்கள். அச்சுக்கு முன்னால் துணியில் அடிக்கும் பிரீட்ரீட்மென்ட் கரைசலைப் பற்றி அவ்வளவாக வாய் திறக்க மாட்டார்கள். முப்பது கறுப்பு டி-ஷர்ட்டுகள் முதல் துவையலிலேயே வெளிறித் திரும்பி வரும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கூடவே கால்சியம் குளோரைடு போன்ற ஓர் உப்பும், மையைத் துணியோடு பிடித்து வைக்கும் பாலிமர் பசையும் இருக்கும். வெள்ளை மையில் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. உப்புப் பட்டதும் அந்த விலக்கம் போய்விட, எலுமிச்சை பிழிந்த பாலைப்போல மை திரிந்து நூலின் மேலேயே நின்றுவிடுகிறது. கரைசல் அடிக்காத கறுப்புத் துணியில் அதே மை நூலுக்குள் இறங்கி, வெள்ளைக்குப் பதிலாக மங்கிய சாம்பல் நிறத்தைத்தான் தரும்.

வெளிறிய அந்த முப்பதுக்கும் மைதான் காரணம் என்று எண்ணி, மை விற்றவரிடம் நெடுநேரம் வாதாடினேன். தவறு என்னுடையது. அவசர ஆர்டர் என்பதால், கரைசல் அடித்த துணியைச் சூட்டில் அழுத்தி உலர்த்தும் ஹீட் பிரஸ்ஸிலிருந்து பதினைந்து விநாடியோடு எடுத்துவிட்டேன். மேல் தட்டைத் தூக்கியபோது ஆவி பறந்ததைக் கண்டும் பொருட்படுத்தவில்லை. ஈரம் மிச்சமிருந்தால் மை துணியைச் சரியாகப் பற்றாது. இப்போது 165 டிகிரியில் 35 விநாடி அழுத்தி, ஒருமுறை தூக்கி ஆவியை வெளியே விட்டு, மறுபடியும் அழுத்துகிறேன். இடையில் வைக்கும் பட்டர் பேப்பர், எழும்பி நிற்கும் பிசிறுகளையும் படிய வைத்துவிடுகிறது.

அளவை நான் கண்ணால் தீர்மானிப்பதை விட்டுவிட்டேன். 180 கிராம் டி-ஷர்ட்டைச் சமையலறைத் தராசில் வைத்து, 14-க்கு 16 அங்குலப் பரப்பில் கரைசலை அடித்துவிட்டு மீண்டும் நிறுத்தால் தராசு 200-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எங்கள் துணிக்கும் எங்கள் கரைசலுக்கும் ஒத்துவரும் கணக்கு இது. குறைந்தால் வெள்ளையில் ஊசித்துளைபோலக் கறுப்பு எட்டிப் பார்க்கும். கூடினால் படத்தைச் சுற்றிக் கட்டம் கட்டியதுபோல் கறை தெரிவதோடு, துணி அட்டையாக விறைத்து, துவைக்கத் துவைக்க மை வெடிக்கும்.

இன்னொரு தொல்லை, துணியை மிருதுவாக்கப் போடும் சிலிக்கோன் சாஃப்ட்னர். அது அதிகம் ஏறிய துணியில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டால், தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். குறைத்துப் போடச் சொன்னால், வாங்குபவர் முதலில் தொட்டுத்தான் பார்க்கிறார் என்கிறார்கள் ஃபினிஷிங் ஆட்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே புது லாட் வந்ததும் சொட்டுச் சோதனை முடிந்த பிறகே பண்டலை அறைக்குள் எடுக்கிறோம்.

ஸ்பிரே கன்னை அன்றன்றே டிஸ்டில்டு வாட்டரால் கழுவாவிட்டால் உப்பு காய்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசமானது, காற்றில் மிதக்கும் கரைசல் துளி பிரிண்ட் ஹெட்டில் படிவது. துணியில் திரிய வேண்டிய மை அங்கேயே திரிந்துவிடும். எங்கள் ஸ்பிரே பெட்டி இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் மெஷின் அறைக்கும் இடையில் இரண்டு கதவுகள்.